எமில் ஹார்ட்னர் ஓடாத பந்தயங்கள்

தலைவலியோடு தலைமை தாங்கிக்கொண்டிருக்கும், நம்மை மேற்பார்த்து வேலை வாங்கும் மாயாண்டி மண்டோர் அவர்களே! அவருக்கு வலப்பக்கத்தில், வாளை மடியில் கிடத்தி வீற்றிருக்கும் ஜப்பானியத் துரை அவர்களே! துரை பேசினால் நமக்குத் தமிழிலும், நாம் பேசினால் துரைக்கு ஜப்பான் மொழியிலும் எடுத்துச் சொல்லும் தோட்டத்து எழுத்தர், கிராணியார் ஆரோக்கியநாதன் அவர்களே! விடியலில் பெயர் கூப்பிடும் பிரட்டுக்கு நின்ற கால்வலி ஆறுமுன் கூட்டத்துக்கு வந்து நிற்கும் பெரியோர்களே! மரவள்ளிக் கிழங்கை அவித்து அவித்தே அலுத்துப்போன அன்னையர்களே! அரிசி தருகிறார்கள் என்ற செய்தியை நம்பி ஆளுக்கொரு ரப்பர்ப் பால் வாளியோடு வந்து அமர்ந்திருக்கும் அருமைத் தோழர்களே! சுவா முச்சந்தியில் தேநீர்க் கடை வைத்திருக்கும் இந்த ஹுமாயூனின் வணக்கத்தை வாளியில் வாங்கிக்கொள்ளுங்கள். அரிசி வரும்வரை அதுவாவது இருக்கட்டும்.

என்ன அங்கே சத்தம்? "பாய், அரிசி எப்போலா?" என்றா? அட, பால் வெட்டும் பஞ்சாலை அக்காவா! நான் வாயைத் திறக்குமுன் நீங்கள் வாளியைத் திறந்து வைத்துக்கொண்டால் எப்படி அக்கா? கூட்டம் ஜப்பான் மணி இரண்டுக்கு என்றார்கள். நம் வயிற்றுக்கு இன்னும் பழைய மணிதான், பன்னிரண்டரைதான் ஆகிறது. கொஞ்சம் பொறுங்கள்.

என்னை அறிந்தவர்கள் அறிவார்கள், மேடை ஏறிவிட்டால் இந்த ஹுமாயூன் அசையமாட்டான். இன்று பாருங்கள், பலகை சுடுகிற மாதிரி கால் மாற்றி மாற்றி நிற்கிறேன். எனக்கு நிலைகொள்ளவில்லை, அதை ஒளிக்கவும் தெரியவில்லை.

பின்னால் திரும்பிப் பாருங்கள். எடைக் கொட்டகைக்கு அப்பால் நிற்கிறதே தோட்டத்து லாரி, அதன் முதுகில் ஒரு பீப்பாய், பீப்பாய்க்குள் கரி, கரியிலிருந்து புகை. பெட்ரோல் செத்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது, இப்போது அந்தக் கனல்தான் லாரிக்கு உயிர். புகை வருகிறவரைக்கும் எந்த நிமிடமும் புறப்படும். மிதிபலகையில் உட்கார்ந்திருப்பவர் ஜோசப்ராஜ். இந்த வட்டாரத்தில் அந்தக் கரி லாரியை ஓட்டத் தெரிந்த ஒரே டிரைவர் அவர். இதோ முன்வரிசையில், முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருப்பவர் அவரைப் பெற்ற சூசையம்மாள். இந்தக் கூட்டம் முடிந்ததும், மேடைக்குக் கீழே போட்டிருக்கும் இந்த மேசையில் நாற்பது ஆண்கள் பெருவிரல் வைக்கப் போகிறார்கள். வைத்துவிட்டு லாரி ஏறப் போகிறார்கள். எங்கே? வடக்கே சியாமுக்கு, ரயில் பாதை போடும் வேலைக்கு. "ஜோசப்பு போனா நாங்களும் போறோம்லா" என்று நாற்பது பேரும் வீட்டில் சொல்லிவிட்டார்கள்.

ஜோசப்ராஜ் எதற்காகப் போகிறார்? அரிசிக்காகவா? இல்லை! அதிகாரத்துக்கு அஞ்சியா? இல்லை! அவர் போவது எமிலுக்காக!

தட்டாதீர்கள், தட்டாதீர்கள்! எமில் என்ற பெயரைக் கேட்டதும் வாளியைத் தட்டுவது இந்தத் தோட்டத்துப் பழக்கம், எனக்குத் தெரியாதா? அந்தப் பழக்கத்தை ஆரம்பித்து வைத்த பாவியே நான்தானே! இன்று மட்டும் நான் சொல்லும்போது தட்டுங்கள். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

எமில் ஹார்ட்னர்! எட்டாயிரம் மைலுக்கு அப்பால் பிறந்தவன். எழுத்து வாசனையே இல்லாதவர்கள்கூட அவன் பெயரை இங்கே எழுத்துக் கூட்டிச் சொல்கிறார்கள். ஜெர்மனியில் ஒரு கொல்லன் மகன். கம்பெனிக் கொட்டகையில் கார்களுக்கு டயர் மாட்டிக்கொண்டிருந்தவன். ஒருநாள் பந்தயக்காரனுக்குக் காய்ச்சல். "யார் ஓட்டுவது?" என்று முதலாளிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். டயர் மாட்டியவன் கையைத் துடைத்துக்கொண்டு காரில் ஏறினான். மழை! மலைப்பாதை! முன்னால் போனவன் கிளப்பிய சேறு கண்ணாடியை மூடுகிறது. கண்ணாடியைக் கழற்றி எறிந்தான். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே ஓட்டினான். முதலாவதாக வந்தான்! மறுவருடம் இரண்டு வெற்றி, அதற்கடுத்த வருடம் மூன்று. அந்த ஊர்ப் பெண்கள் கொட்டும் மழையில் குடையை மூடிக் கையில் பிடித்துக்கொண்டு அவனுக்காகக் காத்திருந்தார்களாம், குடை மறைத்துவிட்டால் அவன் முகம் தெரியாது என்று. பத்திரிகையில் படித்தேன்.

நமக்கு அவன் எப்படி வந்தான்? டயர் கம்பெனிக் காலண்டரில் வந்தான். தோல் குல்லாயும் நெற்றிக்கு ஏற்றிய கண்ணாடியுமாக லாரிக் கொட்டகைச் சுவரில் ஏறினான். ஜோசப்ராஜ் அவனை அந்தோணியார் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். பஞ்சாலை அக்கா மாரியம்மன் திருவிழாவில் அவனுக்கும் ஒரு முழம் பூ கொண்டுவந்தார். "இது எந்த ஊர்ச் சாமி?" என்று கேட்டவருக்கு, "நம்ம பாலு உருண்டையாகி எந்தச் சக்கரத்துல ஓடுதோ, அந்தச் சக்கரத்துக்குச் சாமி" என்று பதில் சொன்னார் அக்கா. சரிதானே? விடியலில் எழுந்து நாம் வெட்டிய பால்தானே அவன் காலுக்கடியில் ஓடியது? அவன் வென்றால் நாம் வென்ற மாதிரி இருந்தது.

என் கடைக்கு வடை கட்ட வரும் பழைய ஆங்கிலப் பேப்பரில் அவன் செய்தி வரும். நான் படித்துச் சொல்வேன். அவன் ஜெயித்த செய்தி என்றால் ஜோசப்ராஜ் என் கடை வாசலில் மூன்று ஹாரன் அடிப்பார், நீங்கள் இங்கே வாளியைத் தட்டுவீர்கள். ஒன்று சொல்கிறேன், இது நடந்தது மூன்று வருடத்துக்கு முன்பு. அடைமழை. இருபது பெண்களை ஏற்றிக்கொண்டு ஜோசப்ராஜ் மேட்டுப் பாதையில் இறங்குகிறார். பிரேக் அறுந்தது! ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் மண் மேடு. "எல்லாரும் கெட்டியா புடிச்சுக்குங்கலா!" என்று கத்திவிட்டு, லாரியை மண் மேட்டோடு உரசி உரசி உரசியே நிறுத்தினார். மண் சரிந்தது, மட்கார்டு நசுங்கியது, பஞ்சாலை அக்காவுக்கு ஒரு வளையல் உடைந்தது. அவ்வளவுதான். நேரே என் கடைக்கு வந்தார். உடம்பெல்லாம் சேறு. "பாய், பெல்ஜியம் பந்தயத்துல எமிலு செஞ்சத அப்படியே செஞ்சேன்லா. நீங்க சொன்னது எனக்கு அந்த நேரத்துல காதுல கேட்டுச்சு" என்றார். அன்றைக்கு அவர் தேநீருக்கு நீட்டிய காசை நான் வாங்கவில்லை. ஏன் வாங்கவில்லை என்று இன்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

போன மாதம் துரை அவர்கள் லாரிக் கொட்டகைக்கு வந்தார். காலண்டரைப் பார்த்தார், பூவைப் பார்த்தார். "யார் இவன்?" என்றார். கிராணியார், "ஜெர்மன் டிரைவர், இந்தத் தோட்டமே அவனுக்கு உயிரை விடும்" என்றார். ஜெர்மனி இவர்களுக்குக் கூட்டாளி நாடு அல்லவா? துரையின் முகம் மலர்ந்தது. அடுத்த வாரமே ஒரு செய்தி வந்தது. எமில் ஹார்ட்னர் இப்போது சியாமில் இருக்கிறாராம், அங்கே லாரி ஓட்டுகிறாராம், போகிறவர்கள் நேரில் பார்க்கலாமாம், கைகுலுக்கலாமாம்! அந்தச் செய்தியை இந்த மேடையில் என் வாயால் சொல்ல வேண்டுமாம். சொன்னால் எனக்கு ஒரு மூட்டை உப்பு. சொல்லாவிட்டால் என்ன என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

கிராணியார் அவர்களே, இதுவரைக்கும் சொல்லுங்கள். நான் நிறுத்துகிறேன்.

சொல்லிவிட்டாரா? நன்றி. துரை தலையசைக்கிறார். மிக்க மகிழ்ச்சி.

அடுத்ததாக, துரை அவர்கள் அணிந்திருக்கும் காலணிகளைப் பற்றி இரண்டு வார்த்தை. பளபளவென்று மின்னுகின்றனவே, அவை யாருடையவை? நம்மை விட்டு ஓடிப்போன வெள்ளைக்காரர், அவசரத்தில் கட்டிலுக்கடியில் மறந்துவிட்டுப் போனவை! மெருகேற்றியவர் நம் மாயாண்டி. அளவு பெரிது என்பதால் உள்ளே பஞ்சு அடைத்திருக்கிறது. சிரியுங்கள், தாராளமாகச் சிரியுங்கள்! கிராணியார் அவர்களே, இதையும் சொல்லுங்கள்.

...

பார்த்தீர்களா? எல்லாரும் பார்த்தீர்களா? அவர் ஏதோ நீளமாகச் சொன்னார், இவர் புன்னகையோடு தலையசைத்தார். ஆனால் குனிந்து தன் காலைப் பார்க்கவில்லை! தன் காலைக் கேலி செய்கிறான் ஒருவன் என்று தெரிந்தால் எந்த மனிதனாவது குனிந்து பார்க்காமல் இருப்பானா? ஆகவே, நான் சொன்னது அங்கே போய்ச் சேரவில்லை. இத்தனை நாளாக நீங்களும் நானும் கண்டு நடுங்கிய இந்த எழுத்தர் ஐயா, நான் சொன்னதை விழுங்கிவிட்டு வேறு ஏதோ சொல்லியிருக்கிறார். எனக்குக் கொஞ்சம் மூச்சு வருகிறது. கொஞ்சம்தான்.

இனிமேல் நான் பேசப்போவது கலப்பில்லாத தமிழ். மேடையில் வீற்றிருக்கும் பெரியவருக்கு இந்நாட்டு மொழி தெரியும், சந்தைப் பேச்சு தெரியும், வெள்ளைக்காரன் மொழியும் அரைகுறையாகத் தெரியும். தமிழ் தெரியாது. அதனால் எமில் என்ற பெயரைத் தவிர, அவர் காதில் பிடிபடக்கூடிய சொல் ஒன்றுகூட என் வாயிலிருந்து வராது. நீங்களும் எனக்கு ஓர் உதவி செய்யுங்கள். நான் எதைச் சொன்னாலும் முகத்தை மாற்றாதீர்கள். திருவிழாவில் நிற்பதுபோல் நில்லுங்கள். பின்னால் திரும்பிப் பார்க்காதீர்கள்.

அன்புடையீர்! உங்களுக்கு நான் எமிலின் வெற்றிகள் என்று சொன்னவை எத்தனை? பதினேழு! விரல்விட்டு எண்ணி வைத்திருக்கிறீர்கள், நானும் எண்ணி வைத்திருக்கிறேன். அவற்றில் எமில் ஓடி வென்றவை எத்தனை? ஆறு. மீதிப் பதினொன்று? அவற்றை ஓடி வென்றவன் நான்! என் கடை அடுப்புக்குப் பின்னால், கையில் வடிகட்டியைப் பிடித்துக்கொண்டு, நின்ற இடத்தில் ஓடி வென்றேன். அந்த மண்மேட்டுப் பந்தயமும் என்னுடையதுதான். எமில் எந்த நாட்டிலும் எந்த மேட்டோடும் உரசி வண்டியை நிறுத்தியதில்லை.

ஏனென்றால் எமில் இறந்துவிட்டான். ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டான்!

முகத்தை மாற்றாதீர்கள் என்றேனே! அக்கா, உங்களைத்தான். வாயிலிருந்து கையை எடுங்கள், புன்னகை செய்யுங்கள். எழுத்தர் ஐயா... ஐயா? ஏன் பேசாமல் நிற்கிறீர்கள்? பெரியவர் உங்களையே பார்க்கிறார். சொல்லுங்கள், அந்த ஜெர்மானியன் மாவீரன் என்று சொல்லுங்கள். அதுவும் உண்மைதான்.

சொல்லிவிட்டார். என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

எப்படி இறந்தான்? கேளுங்கள். அந்தச் செய்தித் துண்டு இதோ என் சட்டைப் பைக்குள் இருக்கிறது, ஐந்து ஆண்டுகளாகச் சீனிச் சாடிக்கு அடியில் கிடந்தது. அன்று அவன் வண்டியின் பின்சக்கரம் தேய்ந்து நூல் தெரிய ஆரம்பித்துவிட்டது. மற்றவர்களுக்குத் தெரியாது, ஓட்டுகிறவனுக்குத் தெரியும். சக்கரம் மாட்டி வளர்ந்தவன் அல்லவா? மேடையைக் கடக்கும்போது கையைத் தூக்கினான். நிறுத்திக்கொள்கிறேன் என்று சைகை. மேடையில் யார் இருந்தார்கள்? முதலாளிகள் இருந்தார்கள். நிழலில் இருந்தார்கள். இன்னும் ஒரு சுற்றுப் போ என்று கை காட்டினார்கள். போனான். அடுத்த சுற்றில் மறுபடியும் கையைத் தூக்கினான். மறுபடியும் போ என்றார்கள். மூன்றாம் சுற்றில் அவன் வரவில்லை. சக்கரம் வெடித்து மரத்தில் மோதிவிட்டான். முப்பத்தோரு வயது. கை காட்டியவர்கள் அன்று இரவு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பார்கள்.

அந்தச் செய்தியை நான் படித்து முடித்தபோது மாலை. நீங்கள் கடை வாசலில் நின்றுகொண்டு, "பாய், எமிலு என்ன ஆனான்?" என்று கேட்டீர்கள். எல்லாருக்கும் முன்னால் நின்றவன் சூசையம்மாளின் மகன். அவன் முகத்தைப் பார்த்தேன். "ஜெயிச்சுட்டான்" என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம், இருக்கவில்லை! நீங்கள் வாளியைத் தட்டினீர்கள், எனக்கும் இனித்தது. அடுத்த மாதம் மறுபடி கேட்டீர்கள், மறுபடி ஜெயிக்க வைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். செத்தவனை ஐந்து வருடம் ஓட விட்டேன். அவன் ஓடி ஓடி, இப்போது உங்களை இழுத்துக்கொண்டு போக வடக்கே வந்து நிற்கிறான்!

வடக்கே எமில் இல்லை. யார் இருக்கிறார்கள்? எழுத்தர் ஐயா, இனி நான் சொல்லப்போவது உங்களுக்கு. தனியாக வீட்டுக்கு வந்து, உங்களை உட்காரவைத்துச் சொல்ல வேண்டியதை இப்படி நட்ட நடு மேடையில் சொல்கிறேன். என்னை மன்னியுங்கள். வேறு நேரம் கிடைக்கவில்லை.

போன மழைக்கு முன் முதல் அணி புறப்பட்டதே, அதில் உங்கள் தம்பி சவரிமுத்து போனார். நல்ல வேலை கிடைக்கட்டும் என்று அவர் பெயரை நீங்களே எழுதினீர்கள். நான் வாயால் செய்த தவறை நீங்கள் கையால் செய்தீர்கள். நம் இருவருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. அந்த அணியில் போன அர்ச்சுனன் தப்பித்து வந்துவிட்டான். எங்கே இருக்கிறான் என்று கேட்காதீர்கள். கால் அழுகியிருக்கிறது, பேச்சு தெளிவாக இருக்கிறது. காட்டுக்குள் மூங்கில் கொட்டகையாம். விடாத மழையாம். காய்ச்சல் வந்தால் கஞ்சி கிடையாதாம், எழுந்து நிற்காதவனுக்கு அடியாம். சவரிமுத்துவுக்குக் குழி தோண்டிய இரண்டு பேரில் ஒருவன் அர்ச்சுனன். சாகுமுன் உங்கள் தம்பி சொன்னது இதுதான், ஒரு சொல்லும் நான் சேர்க்கவில்லை: "அண்ணங்கிட்டப் போயிச் சொல்லு, எழுதுறத நிறுத்தச் சொல்லு."

ஐயா. பெரியவர் பார்க்கிறார், ஐயா.

நான் இப்போது உங்கள் கையில் இருக்கிறேன். நான் மட்டுமா? இந்த நாற்பது பேரும், அவர்களைப் பெற்றவர்களும் உங்கள் கையில்தான் இருக்கிறார்கள். நீங்கள் கேட்டதை அப்படியே திருப்பிச் சொன்னால், அந்த வாளுக்கு வேலை வந்துவிடும். நான் குறை சொல்ல மாட்டேன். உங்கள் இடத்தில் இருந்தால் நான் என்ன செய்வேனோ எனக்கே தெரியாது.

...

பேசுகிறார். முதல் சொல்லில் குரல் உடைந்தது, இருமி மறைத்துக்கொண்டார். பேசிக்கொண்டே போகிறார். என்ன சொல்கிறாரோ எனக்குப் புரியாது. ஆனால் இதோ, பெரியவர் கை தட்டுகிறார்! ஐயா, தம்பி சாவைக் கேட்ட வாயால் சிரித்துக்கொண்டே பேசினீர்களே, உங்களைப் பற்றி நான் கடையில் பேசிய பேச்சையெல்லாம் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

இனிப் பேச வேண்டியது ஒருவனிடம்தான். சூசையம்மாள் பெற்றவனே! மிதிபலகையில் உட்கார்ந்து தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டிருப்பவனே! என் மேல் உனக்குக் கோபம் வரும், வரட்டும். அந்த மண்மேட்டில் இருபது உயிரைக் காப்பாற்றியது எமில் என்றா நினைத்தாய்? எமில் இல்லை, நான் இல்லை. பொய்யைக் கேட்டு மெய்யாக ஓட்டியவன் நீ! அன்று உனக்கு யார் கை காட்டினார்கள்? மேடை இருந்ததா? முதலாளி இருந்தானா? உன் கை, உன் கண், உன் முடிவு! இன்று மட்டும் ஏனப்பா மேடையைப் பார்க்கிறாய்? மேடையில் இருப்பவன் கை காட்டுவான். முன்பும் காட்டினான், இன்றும் காட்டுகிறான், நாளையும் காட்டுவான். கை காட்டுகிறவன் வண்டியில் ஏறுகிறானா? ஏறுவதில்லை! மரத்தில் மோதுகிறானா? மோதுவதில்லை! மூங்கில் கொட்டகையில் படுக்கிறானா? படுப்பதில்லை! சக்கரம் தேய்ந்துவிட்டது என்று எமிலுக்குத் தெரிந்தது, வேகமிதியிலிருந்து காலை எடுக்க முடியவில்லை. உனக்கு இப்போது தெரிந்துவிட்டது.

நீ போகாவிட்டால் நாளைக்கு அவர்களே வந்து பிடித்துக்கொண்டு போகலாம். நான் மறுக்கவில்லை. ஆற்றுக்கு அப்பால் நமக்குத் தெரிந்த சிற்றூர்கள் இருக்கின்றன, ஒளிய முடிந்தவர்கள் ஒளிவோம், ஓட முடிந்தவர்கள் ஓடுவோம். ஆனால் என் பொய்யைப் பாடிக்கொண்டு நீங்களாக நடந்து போய் ஏறக்கூடாது. அதை என்னால் தாங்க முடியாது. என்ன செய் என்று நான் உனக்குச் சொல்ல மாட்டேன். இத்தனை நாள் நான் சொன்னதைக் கேட்டுத்தான் இங்கே வந்து நிற்கிறாய்.

யாரும் திரும்பாதீர்கள்! திரும்பக் கூடாது! அவன் எழுந்துவிட்டான். பெரியவர் இருக்கும் இடத்திலிருந்து கொட்டகைத் தூண் மறைக்கிறது, நிற்கிற எனக்கு மட்டும் தெரிகிறது. பதினேழு பந்தயம் சொன்னேன் உங்களுக்கு, ஒன்றைக்கூடக் கண்ணால் பார்த்துச் சொன்னதில்லை. இதோ, பதினெட்டாவது. இதைப் பார்த்துச் சொல்கிறேன்.

வண்டியைச் சுற்றி வருகிறான். நிற்கிறான். சுவரிலிருந்து கழற்றிய எமில் படத்தை மடித்து முன்கண்ணாடியில் செருகி வைத்திருந்தான் அல்லவா, அதை எடுக்கிறான். பார்க்கிறான். சட்டைக்குள் வைக்கிறான். பின்பக்கம் போகிறான். நெருப்பு வாரும் கோலை எடுத்துவிட்டான்! பீப்பாயின் அடிக்கதவைத் திறக்கிறான், கனலை வாரி இழுக்கிறான், சிவப்பாகக் கொட்டுகிறது மண்ணில். இன்னும், இன்னும். போதாது மகனே, கரியை மறுபடியும் மூட்டிவிடுவார்கள்! அட, வாளியை எடுக்கிறானே! தண்ணீர்! பழுத்துக் கிடக்கும் இரும்பின் மேல் ஊற்றப் போகிறான், வெடிக்கும், சத்தம் வரும். தோழர்களே, தாய்மார்களே, இப்போது! இப்போது தட்டுங்கள்! ஐந்து வருடத்துக்கு முன் செத்துப்போன எமில் ஹார்ட்னருக்காகத் தட்டுங்கள்! மூங்கில் காட்டில் கிடக்கும் சவரிமுத்துவுக்காகத் தட்டுங்கள்! அழுகிறவர்கள் அழுதுகொண்டே தட்டுங்கள்! அக்கா, கை வலித்தால் வலிக்கட்டும்! இன்னும் பலமாக!

...

போதும். நிறுத்துங்கள். யாருக்காவது கேட்டதா? எனக்கே கேட்கவில்லை. பீப்பாய் மேலிருந்து கீழ்வரை பிளந்துவிட்டது. கொஞ்சம் வெள்ளை ஆவி மேலே போகிறது, அவ்வளவுதான். பெரியவர் நம் உற்சாகத்தைப் பார்த்துச் சந்தோஷமாக இருக்கிறார். வண்டி ஓடாது என்ற செய்தியை அவர் காதில் எப்படிப் போடுவது என்பது எழுத்தர் ஐயாவின் பொறுப்பு. இன்று இந்த மேடையில் பேசியவர் அவர்தான், நான் வெறும் வாயசைத்தவன்.

புகை நின்றுவிட்டது. என் காலும் ஒருவழியாக ஓரிடத்தில் நிற்கிறது. மேசையில் பெருவிரல் வைக்க வேண்டியவர்கள் அவசரப்பட வேண்டாம். வண்டியில்லாமல் ஆளைச் சேர்த்து வைத்தால் சோறு போட வேண்டுமே, பெரியவர் இன்றைக்குத் திருப்பி அனுப்பிவிடுவார். கலைந்து போகும்போது மெதுவாகப் போங்கள், பேசிக்கொண்டே போங்கள், பயந்த மாதிரி தெரியக்கூடாது. அரிசி வராது, அக்கா. எனக்கு உப்பும் வராது. மரவள்ளியை உப்பில்லாமலே அவித்து வையுங்கள், நானும் வருகிறேன்.

ஒரு பொய்யனை மேடையேற்றி, அவன் உண்மையைச் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகத் தலைமை தாங்கிய மண்டோர் மாயாண்டி அவர்களுக்கு நன்றி. தம்பியின் துக்கத்தைத் தொண்டைக்குள் வைத்துக்கொண்டு இன்னும் நிமிர்ந்து நிற்கும் ஐயாவுக்கு, அவர் வீட்டுத் துக்கத்துக்கு நாளை நாங்கள் எல்லோரும் வருவோம் என்ற வார்த்தையோடு நன்றி. ஜெர்மனிக்காரனே, எமிலே, உன்னை நாங்கள் ரொம்ப ஓட வைத்துவிட்டோம், இனி ஓட வேண்டாம். வாளி தட்டிய கைகளுக்கெல்லாம் என் வணக்கம்.

சூசையம்மாள் அவர்களே, வாயிலிருந்து முந்தானையை எடுங்கள். உங்கள் மகன் கையைத் துடைத்துக்கொண்டு இந்தப் பக்கம்தான் வருகிறான்.